கட்டிதானே, ஜேன்?

மண்டி மொஹல்லா, மைசூர்
12 ஆகஸ்ட் 1951

அன்புள்ள தங்கை ஜேனுக்கு, அக்கா விக்டோரியா அநேக ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாட்கள் ஓடுகின்றன. நீ கட்டிதானே?

எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. பென்சிலில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது என்று நீ சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் கையிலிருந்து நழுவி விழுகிறது. பிள்ளைகள் நான் நீ என்று ஓடிவந்து பொறுக்கித் தருகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும்போது பாட்டு முடிந்த பிறகும் நடுவிரல் கட்டையைவிட்டு எழும்பவில்லை. பாதிரி ஐயர் ஜெபம் தொடங்கிவிட்டார், என் ஆர்மோனியம் மட்டும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனிமேல் வாசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். துருத்தியில் நீ கடித்த பல் அடையாளம் அப்படியே இருக்கிறது.

டாக்டர் நஞ்சுண்டசாமி இதற்குத் தங்கச் சத்து மருந்தை ஊசியாகக்கூடப் போட்டுப் பார்த்துவிட்டார். கேட்கவில்லை. இது வயதுக்கு வருகிற மூட்டுவலி இல்லையாம், சரீரமே தன் மூட்டைத் தானே தின்கிற வியாதியாம். நாற்பத்தைந்து வயதில் எனக்கென்று வந்து வாய்த்தது பார்.

பால் கொண்டுவரும்போதெல்லாம் சென்னம்மா விடாமல் கேட்கிறாள், "நிம்ம தங்கி கட்டியாகித்தாளா?" என்று. கட்டி, கட்டி என்று சொல்லி அனுப்புகிறேன். பதில் போடு.

உன் அக்கா,
விக்டோரியா


மதராஸ்
25 ஆகஸ்ட் 1951

பிரியமுள்ள அக்காவுக்கு, ஜேன் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நான் கட்டி. மதராஸ் வெயிலில் காய்ந்து இன்னும் கட்டி.

உன் கடிதத்தை டூட்டி முடிந்து வார்டு படியில் உட்கார்ந்து படித்தேன். சென்னம்மாவின் குரல் காதில் விழுந்தது. கூடவே அந்த ஹாஸ்டல் வார்டன் நினைப்பும் வந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வேலை படிக்க வந்த புதிதில் நான் வீட்டுக்கு எழுதிய முதல் கடிதம் உனக்கு நினைவிருக்கும். நாங்கள் எழுதுவதையெல்லாம் அந்த அம்மாள் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவாள். "நான் கட்டியாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். "எங்கடி கட்டி? எத்தனை நாளா இருக்கு? ரவிக்கையைக் கழற்று" என்று கதவைச் சாத்திவிட்டாள்! அது கன்னடம், உடம்பு திடமாக இருக்கிறது என்று அர்த்தம் என்று நான் அழுதுகொண்டே சொல்லி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

வாயால் சொன்னால் இரண்டும் வேறு வேறு சத்தம். எழுதினால் தமிழுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே க. தமிழில் "கெட்டி" என்று எழுத வேண்டும் என்றாள் அந்த வார்டன். கெட்டி என்றால் ஏதோ கெட்டுப்போன மாதிரி இருக்கிறது என்று அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து நம் வீட்டுக் கடிதங்களில் கட்டிதான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்கள் பெரிய டாக்டரம்மா அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியப் பத்திரிகையை நர்ஸுகளுக்குப் படித்துக் காட்டினார்கள். உன் வியாதிக்குக் கார்டிஸோன் என்று புது மருந்து வந்திருக்கிறது. படுக்கையைவிட்டு எழும்ப முடியாமல் கிடந்தவர்கள் ஊசி போட்ட சில நாட்களில் மாடிப்படி ஏறினார்களாம். அதைப் படமெடுத்து டாக்டர்களுக்கே போட்டுக் காட்டினார்களாம். மாட்டுப் பித்தத்திலிருந்து அதைச் செய்கிறார்கள். கிடைப்பது கஷ்டம். ஆனாலும் டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறேன், கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

துருத்தியை நான் கடிக்கவில்லை. அது எலி.

உன் ஜேன்


மைசூர்
30 செப்டம்பர் 1951

என் கண்ணான ஜேனுக்கு, அக்காவின் ஸ்தோத்திரம். கட்டிதானே?

மாட்டுப் பித்தத்தை என் உடம்பில் ஏற்றப் பார்க்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? டாக்டர் நஞ்சுண்டசாமியிடம் மெதுவாகச் சொன்னேன். அவரும் அந்த மருந்தைப் பற்றிப் படித்திருக்கிறார். "மருந்து வரட்டும் டீச்சர், மாட்டை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்.

தசரா வருகிறது. அரண்மனைக்கு விளக்குப் பல்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஜம்பூ சவாரி ஊர்வலம் காட்டுவார். உனக்கு யானை தெரியும். எனக்கு முன்னால் நிற்கிறவரின் முதுகுதான் தெரியும். "கட்டியா பிடிச்சுக்கோ, விட்டுடாதே" என்று அப்பா என் கையை இறுக்கிக்கொள்வார். இன்று யாராவது அப்படி இறுக்கினால் நான் அலறிவிடுவேன்.

எனக்கு நடக்க வேண்டும், ஓட வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. விரல் பத்தும் மறுபடி ஆர்மோனியத்தில் ஓடினால் போதும். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகவே இல்லை.

உன் அக்கா,
விக்டோரியா


மதராஸ்
5 நவம்பர் 1951

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம்.

மருந்து கிடைத்துவிட்டது! மைசூருக்கு லீவில் வரும் எங்கள் நர்ஸ் மோலியிடம் கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் நஞ்சுண்டசாமிக்கு டாக்டரம்மா தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர் சொல்கிற அளவை நீயாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நன்றாக இருக்கிறதே என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது. உப்பைக் குறை. முகம் கொஞ்சம் ஊதும், பசி எடுக்கும், பயப்படாதே. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இது வியாதியை வேரோடு பிடுங்காது. மருந்து இருக்கும்வரை அடங்கியிருக்கும்.

உன் விரல்களை நினைத்துக்கொண்டுதான் இந்த இரண்டு மாதமும் ஓடினேன். நாம் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் கனவில் வருகிறது. முன்னறையில் நீ வாசிக்கிறாய், நான் எதிரே உட்கார்ந்து துருத்தி போடுகிறேன். கை வலிக்கிறது என்றால் நீ விடுவதில்லை.

என்னையும் டாக்டரம்மா போன வாரம் பரிசோதித்தார்கள். கட்டி என்றார்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை அக்கா. நீ பயப்படாதே.

உன் ஜேன்


மைசூர்
2 டிசம்பர் 1951

என் தங்கமே, ஜேனி!

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஆயிரம் ஸ்தோத்திரம். எழுத்தைப் பார்! துணி சுற்றாத பேனா! இது என் கையெழுத்துதானா என்று நானே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நம் அம்மாவுக்கு நான் எழுதிய எழுத்து இது.

ஊசி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் எழுந்து என்னையறியாமல் கூந்தலை முடிந்துகொண்டேன். முடிந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். சென்னம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, "தேவரு தொட்டவரு", கடவுள் பெரியவர் என்று தன் சாமியையும் என் சாமியையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

பசியோ பசி. முகம் உருண்டு தசரா பொம்மை போல ஆகிவிட்டது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சாக்பீஸ் விழுவதில்லையே.

நீ ஏன் பயப்படாதே பயப்படாதே என்று எழுதியிருக்கிறாய்? டாக்டரம்மா வாயாலேயே கட்டி என்று சொன்ன பிறகு எனக்கென்ன பயம்? அந்த வார்டன் மட்டும் இப்போது இருந்து உன் கடிதத்தைப் படித்திருந்தால், மறுபடி கதவைச் சாத்தி ரவிக்கையைக் கழற்றச் சொல்லியிருப்பாள்! நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ கட்டாயம் வர வேண்டும். நான் வாசிக்கிறேன், நீ துருத்தி போடு. கை வலிக்கிறது என்ற கதையெல்லாம் நடக்காது.

உன் அக்கா,
விக்டோரியா


மதராஸ்
20 ஜனவரி 1952

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம்.

பதில் தாமதமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை என்று தந்தி மட்டும் கொடுத்தது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். இங்கே ஆள் போதவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறதென்று பார்க்காதே. வலது கையில் வெந்நீர் கொட்டிவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். ஆறிவிடும்.

உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். அந்த உருண்டை உருண்டையான எழுத்தைப் பார்த்து எத்தனை வருஷமாகிறது. மோலி வந்து உன்னைப் பற்றிச் சொன்னாள். நீ ஆர்மோனியம் வாசித்தபோது ஜன்னலுக்கு வெளியே தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்களாமே.

இந்த அறையில் ஒரு மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். பகலெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் நம் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் கூட்ஸ் வண்டி போகிற மாதிரியே இருக்கிறது. பெட்டிகளை எண்ணச் சொல்லி நீ என்னைத் தூங்கவைப்பாய். நான் எண்ணி முடித்ததே இல்லை.

நீ எழுதியது சரிதான். கட்டிதான். ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்.

உன் ஜேன்


மைசூர்
2 மார்ச் 1952

ஜேன்,

ஸ்தோத்திரம். இன்று உன்னிடம் கட்டிதானே என்று கேட்க எனக்குக் கை வரவில்லை.

என் வகுப்பில் கனகலக்ஷ்மி என்று ஒரு பெண். அப்பா வைத்யநாதன், ரயில்வேயில் மதராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். வெள்ளிக்கிழமை அவர் லீவு சீட்டு அனுப்பியிருந்தார். "குழந்தையை டாக்டரிடம் காட்டினோம். கட்டி என்றார். ஒரு வாரம் லீவு தர வேண்டியது." படித்துவிட்டு, கட்டியாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு லீவு என்று வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவர்கள் மதராஸ்காரர்கள் என்று உறைத்தது. பிள்ளைக்குக் கழுத்தில் வீக்கம்.

சீட்டைத் திரும்பவும் படித்தேன். அதே வாக்கியத்தை நான் எங்கோ படித்திருந்தேன். மதியம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவந்து உன் நவம்பர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "கட்டி என்றார்கள். நீ பயப்படாதே." அடுத்த கடிதத்தில் வெந்நீர் கொட்டிய கை. பகலெல்லாம் டூட்டிக்குப் போகாமல் மின்விசிறிச் சத்தம் கேட்கிறாய். நர்ஸுக்கு எதற்கடி பகலில் கட்டில்?

நான் அதைப் படித்துச் சிரித்தேன், ஜேன். சிரித்தேன் என்று உனக்கு எழுதவும் செய்தேன். ரவிக்கையைக் கழற்றச் சொல்லியிருப்பாள் என்று எழுதினேன். என் வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

எனக்கு உன்மேல் கோபம். மாட்டுப் பித்தம்வரை விளக்கமாக எழுதத் தெரிந்த உனக்கு இதை எழுதத் தெரியவில்லையா? எங்கே கட்டி? என்ன செய்தார்கள்? ஒன்றையும் விடாமல் எழுது. எழுதாவிட்டால் அடுத்த ரயிலில் வருகிறேன். எழுதினாலும் வருகிறேன்.

விக்டோரியா


மதராஸ்
9 மார்ச் 1952

என் அக்கா, ஸ்தோத்திரம்.

வலது மார்பில் கட்டி. புற்று. உன் கடிதம் வந்த டிசம்பரில் ஆபரேஷன் செய்து, மார்பையும் அதன் கீழே உள்ள சதையையும் அக்குள்வரை எடுத்துவிட்டார்கள். பிறகு எக்ஸ்ரே ஒளி கொடுத்தார்கள். தோல் கறுத்துத்தான் போயிருக்கிறது. வலது கை வீங்கியிருக்கிறது, இதற்கு அப்படித்தான் ஆகும். அதனால்தான் இடது கை எழுத்து. வெந்நீர் பொய். அதுவும், ஆள் போதவில்லை என்றதும்தான் பொய்.

நவம்பரில் நான் உனக்குச் சொல்லத்தான் எழுதினேன். நேராக எழுதக் கை வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை எழுதினேன். பயப்படாதே என்று சேர்த்ததால் உனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்து, தபாலில் போட்டுவிட்டு உன் பதிலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ கன்னடத்தில் படித்துவிட்டாய்.

உன் பதில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தது. அந்த எழுத்து, அக்கா. அதை எழுதிய கையை நான் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உண்மையைச் சொன்னால் நீ ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறுவாய். மோலியிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன். அதனால் உன் கன்னடத்தைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். நீ சிரித்ததற்காக அழாதே. நானும் சிரித்தேன், தையல் போடுவதற்கு முன்னால் என்பதால் வலிக்கவில்லை.

வா அக்கா என்று எழுத வேண்டும் போலத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் மூடட்டும்.

ஜேன்


மைசூர்
1 ஜூன் 1952

என் உயிரான ஜேனுக்கு, ஸ்தோத்திரம். உன்னிடமிருந்து சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். சென்னம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "தங்கி கட்டியா?" என்றாள். அழுதுவிட்டேன். அவளும் கேட்பதை நிறுத்திவிட்டு என்னோடு அழுதாள்.

ஆஸ்பத்திரிக் கோயிலில் நாம் ஆர்மோனியம் வாசித்த சாயங்காலத்தை நினைத்துக்கொண்டே ரயிலில் வந்தேன். உன் வீங்கின கையைத் தலையணையில் வைத்துவிட்டு இடது கையால் துருத்தி போட்டாய். நான் பத்து விரலாலும் வாசித்தேன். பாதியில் "கை வலிக்கிறது" என்றாய். உடனே நிறுத்திவிட்டேன். நீ என்னை முறைத்து, "முன்னெல்லாம் விடமாட்டியே, இப்ப மட்டும் ஏன் விடுறே? வாசி" என்றாயே. அந்த முறைப்பில் எட்டு வயது ஜேனைப் பார்த்தேன்.

டாக்டர் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். ரத்த அழுத்தம் ஏறுகிறதாம், மருந்தும் முன்போலக் கிடைப்பதில்லையாம். சுண்டுவிரல் மறுபடி முறுக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. பரவாயில்லை, அந்த ஒரு சாயங்காலம் எனக்குக் கிடைத்துவிட்டது.

இனிமேல் நமக்குள் ஒரு சட்டம். நம் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் சும்மா எழுதாதே. கன்னடத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து இருக்கிறது. நீ திடமாக இருந்தால் கன்னட எழுத்தில் எழுது. மற்றதென்றால் தமிழில் எழுது. நான் சரியாகப் படித்துக்கொள்வேன்.

உன் அக்கா,
விக்டோரியா


மதராஸ்
7 டிசம்பர் 1952

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம்.

ஜூலையிலிருந்து நான் போட்ட கார்டுகளிலெல்லாம் அந்த ஒற்றைக் கன்னட வார்த்தையைப் பார்த்து, எங்கள் தபால்காரர் மரியராஜ் அது என் ஊர்ப் பெயரா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

நேற்று டாக்டரம்மா என் கழுத்தெலும்புக்குமேல் விரல் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று தடவை பார்த்தார்கள். கட்டி என்றார்கள்.

தமிழில்தான் எழுதியிருக்கிறேன், அக்கா.

வைத்தியம் இல்லாமல் இல்லை. சிறுநீரகத்துக்குமேல் இருக்கிற சுரப்பிகளை எடுத்துவிட்டால் இந்தப் புற்று சிலருக்குச் சுருங்குகிறது என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தச் சுரப்பி இல்லாமல் உயிர் தரிக்காது. அதற்குப் பதிலாக உயிருள்ளவரை ஒரு மருந்து கொடுக்கிறார்கள். எந்த மருந்து என்று நினைக்கிறாய்? கார்டிஸோன். உன்னுடைய மாட்டுப் பித்தம்! டாக்டரம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. அதை இங்கே செய்யலாமா, எனக்குத் தாங்குமா என்று யோசிக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. பக்கத்தில் நீ இருக்க வேண்டும்.

வா.

ஜேன்


மைசூர்
10 டிசம்பர் 1952

ஜேனி,

கோழி கிளறிய எழுத்து திரும்பிவிட்டது, பென்சிலுக்குத் துணி சுற்றியிருக்கிறேன். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சரியாகவே படித்தேன். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு சொல்லிவிட்டேன். இன்று இரவு ரயிலேறுகிறேன், இந்தக் கார்டும் அதே வண்டியில்தான் வரும். விரல்தான் மடங்காது. உன் கையைப் பிடித்துக்கொள்ள அது மடங்க வேண்டியதில்லை.

சென்னம்மா உனக்கு மல்லிகைச் சரம் கட்டித் தந்திருக்கிறாள். வருவதற்குள் வாடிவிடும், வாசனை இருக்கும்.

நான் ಗಟ್ಟಿ.

அக்கா